போ, ஆனா வா

மார்ச் 3, திங்கள்

"செண்பகம், அனாக் பெரெம்புவான் தங்கராசு!"

நடிகர் தேர்வில் பெயர் வாசித்த பெண் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் இரண்டு முறை கூப்பிட்டாள். நான் அவள் மேசைக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்து, கொஞ்சம் தள்ளி நிற்கும்படி மலாயில் சொல்லிவிட்டு, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து மூன்றாவது முறையும் கூப்பிட்டாள்.

"நான்தாங்க செண்பகம். தங்கராசு மக."

அந்த முகம்! கிளினிக்கிலும் பள்ளியிலும் பாஸ்போர்ட் எடுக்கப் போன இடத்திலும் இருபத்து நான்கு வருடமாக அதே முகத்தைப் பார்த்து வருகிறேன். இன்னும் அலுக்கவில்லை. அம்மா ஹக்கா சீனர், அப்பா தமிழர். எனக்கு முகம் அம்மாவுடையது, பெயர் அப்பாவுடையது, பசி இருவருடையதும்.

இயக்குநர் குணாளன் இரண்டு பக்க வசனத்தைக் கொடுத்தார். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"தமிழ்ப்பள்ளியா?"

"ஆறு வருசம், சார். பேச்சுப் போட்டியில மாநில அளவுல ரெண்டாவது."

"மொதல்ல வந்தது யாரு?"

"அந்தப் பொண்ணு இப்ப பேங்க்ல இருக்கா."

சிரித்தார். பிறகு தாடியைச் சொறிந்துகொண்டு, "உங்க தமிழ் ரொம்ப நல்லா இருக்கு. அதான் பிரச்சினை" என்றார். என்ன பிரச்சினை என்று சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

கிடைத்துவிட்டது! சினிமா! இதுவரை தொலைக்காட்சியில் நான்கு தடவை 'பக்கத்து வீட்டுச் சீனப் பெண்' ஆக வந்திருக்கிறேன். மூன்றில் வசனமே கிடையாது. நான்காவதில் "ஐயோ". இப்போது கதாநாயகனின் காதலி. தலைகால் புரியாமல் சலவை இயந்திரத்தில் சோப்புத்தூளை இரண்டு தடவை போட்டுவிட்டேன். குளியலறை முழுக்க நுரை.

மார்ச் 8, சனி

செராஸில் ஒரு சீனத் திருமண விருந்தில் பாடினேன். மாண்டரின் பாட்டு நான்கு, மலாய்ப் பாட்டு இரண்டு. எனக்குச் சீன எழுத்து தெரியாது. வீட்டில் பேசுவது ஹக்கா. ஆகவே மாண்டரின் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பாடுகிறேன். குரல் ஏறவேண்டிய இடத்தில் மேலே ஒரு கோடு, இறங்க வேண்டிய இடத்தில் கீழே ஒரு கோடு. மாப்பிள்ளையின் மாமா அந்தத் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, என்ன மந்திரம் என்று கேட்டார். கணேசர் மந்திரம் என்றேன். பயபக்தியோடு நகர்ந்துவிட்டார்.

மார்ச் 15, சனி

ஈப்போ வந்திருக்கிறேன். அம்மாவுக்குக் காலைப் பாசார்ச் சந்தையில் கடை: மீன் விழுது அடைத்த சோயாத் தவ்ஃபு, வெண்டைக்காய், பாகற்காய். அப்பா குளிர்ப்பெட்டி பழுது பார்ப்பவர். இரண்டு பேரின் கையும் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும்.

எட்டு மணிக்கெல்லாம் கடையில் நின்று வெண்டைக்காய் கீறிக் கொடுத்தேன். பத்து மணிக்கு ஒரு தமிழ் அம்மா வேகவேகமாக வந்தார். "நேரமே வந்திருக்கலாம்ல அக்கா? எல்லாம் தீந்துபோச்சே. நாளைக்கு வாங்க, உங்களுக்குன்னு எடுத்து வைக்கிறேன்" என்று அம்மா அவரை அனுப்பிவைத்தாள். பாகற்காய் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எனக்குத்தான் ஏமாற்றம்.

மதியம் அப்பா சாப்பிட வந்ததும் விசயத்தைச் சொன்னேன். நானும் அம்மாவும் தனியாக இருந்தால் ஹக்காவில்தான் பேச்சு. அப்பா வந்து உட்கார்ந்தால் மூவருக்கும் தமிழ்.

"ராசு, உன் மக பெரிய சினிமால வரான்! கட்டிக்கிறான் ஆ, செத்துப்போறான் ஆ?" என்றாள் அம்மா.

"கட்டிக்கிறேன்மா."

"அப்ப சரி. சாப்பாடு ஆறிட்டான். சாப்பிடு."

அம்மாவின் தமிழில் உலகம் முழுக்க ஆண்பால். நான் வருவான், சோறு ஆறுவான், மழை பெய்வான். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். தினமும் கேட்கிறார், தினமும் சிரிக்கிறார். அப்படி ஒரு மனுசர்.

ஏப்ரல் 2, புதன்

குணாளனின் 'பிரச்சினை' இன்று தெரிந்தது.

வசனம் படித்துப் பார்க்கும் நாள். கதாநாயகன் ரிஷிக்குத் தமிழ் வாசிக்க வராது, அவனுடைய தாளில் தமிழ் ஆங்கில எழுத்தில் இருந்தது. எனக்கும் அதையே நீட்டினார்கள். "தமிழ் எழுத்துல இருக்கா?" என்று கேட்டதும் அறையே திரும்பிப் பார்த்தது. எனக்கு ஒரே பெருமை. பெருமை இரண்டு நிமிடம் இருந்தது. பிறகு என் வசனத்தைப் படித்தேன்.

"வணக்கம் சாலு. நான் லொம்ப நல்ல பொண்ணு."

என் பாத்திரம் அரைகுறைத் தமிழ் பேசி ஊரைச் சிரிக்க வைக்கும் சீனப் பெண்ணாம். படத்தில் நகைச்சுவை முழுக்க என் நாக்கில்தான் இருக்கிறதாம். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, எஸ்பிஎம் பள்ளியிறுதித் தேர்வில் தமிழுக்கு ஏ, எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு நான் 'லொம்ப' சொல்ல வேண்டும்.

"சார், சீனவங்களுக்கு 'ர' வராதுன்னு யாரு சொன்னா?"

"சினிமால அப்படித்தான் லா."

"எங்க ஊருப் பாசார்ல போய்க் கேளுங்க. 'ர' நல்லா வரும். தப்பு வேற எடத்துல வரும்."

"எந்த எடத்துல?"

சொல்லவில்லை. தெரியாது என்றேன்.

ஏப்ரல் 9, புதன்

படப்பிடிப்பு. கிள்ளானில் ஒரு வீடு. பசியாறியது இரண்டு ரொட்டி சானாய், ஒரு கோப்பை தே தாரே டீ.

பதினோரு தடவை எடுத்தும் சரியாக வரவில்லை. 'லொம்ப' என்று சொன்னால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. சொல்லவராதவளைப் போலச் சொல்லத் தெரியவில்லை; பேச்சுப் போட்டிக்காரி வேண்டுமென்றே தப்பு விடுகிறாள் என்பது கேட்பவனுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. ஒளிப்பதிவாளர் கொட்டாவி விட்டார். குணாளன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"செண்பகம், உனக்கு வாழ்க்கையில தப்பாத் தமிழ் பேசுற ஒரு ஆளக்கூடத் தெரியாதா?"

"தெரியாது சார்."

"நாளைக்கும் இப்படியே போனா நான் வேற ஆளப் பாக்கணும், ம்மா. கோவப்படாதே."

கோபம் வரவில்லை. அழுகை வந்தது. இந்த வாய்ப்பு கைநழுவினால் மறுபடி "ஐயோ"தான்.

ஏப்ரல் 10, வியாழன்

வந்துவிட்டது!

காட்சி இதுதான்: ரிஷி வேலைக்காக சிங்கப்பூர் கிளம்புகிறான். நான் வாசலில் நின்று வழியனுப்ப வேண்டும். தாளில் இருந்தது, "போய்த்து வாலு". கேமரா ஓடியது. ரிஷி, "வரேன்" என்றான். நான் வாயைத் திறந்தேன்.

"போ. ஆனா வா."

ஒளிப்பதிவாளர் குலுங்கிச் சிரித்ததில் கேமராவே ஆடிவிட்டது. மறுபடி எடுத்தோம். அதன்பிறகு எனக்குத் தடையே இல்லை. "சிங்கப்பூர் ரொம்ப தூரம் இருக்கான் ஆ? மழை வந்தான், குடை எடுத்துட்டான் ஆ?" என்று தாளில் இல்லாததையெல்லாம் கொட்டினேன். ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குணாளன் என் வசனம் முழுவதையும் என் இஷ்டத்துக்கே பேசச் சொல்லிவிட்டார். கரும்பு தின்னக் கூலியா?

"எங்கேருந்து புடிச்சே இத?"

"சும்மா வாயில வந்துச்சு, சார்."

ஏப்ரல் 11, வெள்ளி

படப்பிடிப்பு இல்லை. துணி துவைத்தேன், இந்த முறை சோப்புத்தூள் ஒரே தடவை. அறையைக் கூட்டினேன்.

இதற்கும் நேற்றைய விசயத்துக்கும் சம்பந்தமில்லை. அப்பா ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லும் கதை, எங்கேயும் எழுதி வைக்கவில்லையே என்று எழுதுகிறேன்.

அப்பா இளைஞராக இருந்தபோது அம்மா வீட்டுக் கடையில் குளிர்ப்பெட்டி பழுது பார்க்கப் போனார். வேலை முடிந்ததும் "வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். 'போறேன்' என்று சொல்வது நம் வழக்கமில்லையே. அம்மாவுக்கு அப்போது தெரிந்த தமிழ் பத்து வார்த்தை. அதில் 'வா'வும் ஒன்று. வருவதாகச் சொல்லிவிட்டான் என்று தேநீர் போட்டு வைத்துக் கடை சாத்தும்வரை காத்திருந்திருக்கிறாள். ஒரு வாரம் கழித்து அப்பா வந்தபோது, "வரேன் சொன்னான்! வரல!" என்று சண்டை பிடித்தாள். அப்பா விளக்கிச் சொன்னார்: போகும்போது வரேன் என்றுதான் சொல்வோம். அம்மா தலையை ஆட்டினாள். அன்றும் அப்பா கிளம்பும்போது "வரேன்" என்றார். அம்மா அவரைப் பார்த்து, "போ. ஆனா வா" என்றாள்.

அப்பா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த திருப்புளி காலில் விழுந்து நகம் பெயர்ந்ததாம். அந்த நகம் இன்றும் கோணல்தான். இருபத்தாறு வருடமாக அப்பா வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் வீட்டில் இந்த மூன்று வார்த்தைதான்.

சரி. துணி காய்ந்திருக்கும்.

மே 20, செவ்வாய்

படப்பிடிப்பு முடிந்தது. எல்லாருக்கும் கேக். எனக்கு இரண்டு துண்டு.

ஜூலை 8, செவ்வாய்

குரல் பதிவு. சின்ன அறை, திரையில் என் உதடு, காதில் என் குரல். "போ. ஆனா வா" காட்சி வந்தது. திரையில் இருப்பது அம்மாவின் முகம். பேசுவதும் அம்மாவின் பேச்சு. நடுவில் நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

இந்த வரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா என்று குணாளனிடம் கேட்க வாய்வரை வந்தது. அதற்குள் இசையமைப்பாளர் ஜோஷுவா கதவைத் திறந்துகொண்டு வந்தார். "ஷென்! அந்த வரி இருக்கே, அத அப்படியே பாட்டா பண்ணிரலாம். உன் பேர்லயே தனிப் பாட்டா விடுவோம். படத்துக்கும் விளம்பரம், உனக்கும் ஒரு பெயர்" என்றார்.

நான் பாடுவதற்கென்று, என் பெயரில், தமிழில் ஒரு பாட்டு. பதினாறு வயதிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கும் வரம்.

"சரி ஜோ" என்றேன். திருடனுக்குத் தேள் கொட்டியது போல, சத்தம் போடாமல்.

செப்டம்பர் 12, வெள்ளி

முன்னோட்டம் வெளியானது. மொத்தமே இரண்டு நிமிடம், அதில் கடைசி வசனம் என்னுடையது. ஒரே நாளில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் "போ, ஆனா வா" சொல்லிக் காணொளி எடுத்துப் போடுகிறார்கள். தே தாரே கடை அண்ணன்கூட மிச்சத்தைக் கொடுத்துவிட்டு, "போ, ஆனா வா" என்றார். நான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

மாலையில் அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பாத்தேன்மா. குரல் நல்லா இருக்கு."

"ம்."

"அந்த வசனம் யாரு எழுதினது?"

"நான்தான்பா."

பின்னால் யாருடைய குளிர்ப்பெட்டியோ உறுமிக்கொண்டிருந்தது.

"அம்மா சொன்னா இன்னும் நல்லா இருக்கும்" என்றார்.

"அம்மா பாத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல. தியேட்டர்ல பாத்துக்கிறேன்னு சொல்லிட்டா."

செப்டம்பர் 13, சனி

அம்மா கூப்பிடவில்லை. சனிக்கிழமை கடையில் கூட்டம் இருக்கும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அம்மா கூப்பிட்டாள். சிறப்புக் காட்சிக்கு அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஆறு பேரைக் கூட்டி வருகிறாளாம். கோழிக்கடை ஆ மோய், காய்கறிக்கடை பச்சையம்மா, இன்னும் நாலு பேர். வேன் பேசியாகிவிட்டதாம். பச்சை நிறப் புடவை எடுத்து, ரவிக்கை தைக்கக் கொடுத்தாகிவிட்டதாம். அம்மா புடவை கட்டி நான் பார்த்தது மூன்றே தடவை.

"படத்தில் நீ என்ன பேசுகிறாய் என்று முன்னாலேயே சொல்லு. எனக்குப் புரியவேண்டாமா?" என்று ஹக்காவில் கேட்டாள்.

"சுலபமான தமிழ்தான் அம்மா. உங்களுக்கு எல்லாமே புரியும்" என்றேன்.

ஊர் சிரிக்கும். பக்கத்தில் ஆறு பேர் சிரிப்பார்கள். நடுவில் புதுப் புடவையோடு அம்மா உட்கார்ந்திருப்பாள். அவர்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இதோ, எழுதிவிட்டேன். அது என் வசனம் இல்லை. அம்மாவின் பேச்சை அவளிடம் கேட்காமல் எடுத்து, ஊரைச் சிரிக்க வைத்து, அதில் பெயர் வாங்குகிறேன்.

வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அப்பா மட்டும்தான். ஈப்போ போனால் இந்த நோட்டைத் தலையணைக்கு அடியில் வைக்க வேண்டும்.

அக்டோபர் 11, சனி

மதியம் மூன்று மணிக் காட்சி. அரங்கு நிறைந்துவிட்டது. அம்மா பச்சைப் புடவையில் வந்தாள், தலையில் பூ, கையில் ஒரு பெட்டி நிறைய அடைத்த வெண்டைக்காய், இயக்குநருக்காம். பச்சையம்மாதான் மடிப்பு எடுத்துக் கட்டிவிட்டாராம். அவ்வளவு அழகாக இருந்தாள். எனக்கு அப்போதே ஓடிவிடலாம் போல இருந்தது.

நான் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதல் வசனம்: "நான் வந்தான்!" அரங்கு வெடித்தது. பச்சையம்மா தொடையில் தட்டிச் சிரித்தார். ஆ மோய்க்குத் தமிழ் தெரியாது, மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அந்த முகம்.

வழியனுப்பும் காட்சி வந்தது. "போ. ஆனா வா." விசில், கைதட்டல். அம்மாவின் உதடு மெல்ல அசைந்தது. அவ்வளவுதான். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். குணாளன் அம்மாவிடம், "உங்க பொண்ணு இல்லன்னா படமே இல்லம்மா" என்றார். அம்மா, "நன்றி, நன்றி. சாப்பிடு" என்று பெட்டியைக் கொடுத்தாள்.

கடைக்காரர்கள் வேனில் போனார்கள். தீபாவளி வேலைகளுக்காக நானும் அப்பாவின் காரில் ஈப்போ வந்தேன். இரண்டரை மணி நேரம். அம்மா முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை, தூங்கினால் அவள் வாய் திறந்திருக்கும். என் வாழ்க்கையின் ஆகப் பெரிய நாள் இது. எனக்கு அம்மாவின் மடியில் முகத்தை வைத்து அழவேண்டும் போல இருந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று நடந்ததை நிதானமாக எழுதுகிறேன்.

காலையில் அம்மாவோடு கடைக்குப் போனேன். அப்பா ஐஸ் வாங்கப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் வெண்டைக்காயைக் கீற, அம்மா மீன் விழுதை அடைத்தாள். மன்னிப்பு கேட்க ஹக்காவில் வார்த்தைகளைக் கோர்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மா பேசினாள்.

"ஷென், 'போ' சொன்ன ஒடனே 'ஆனா வா' சொல்லிட்டியே, ஏன் அவ்வளவு அவசரம்?"

கத்தி வெண்டைக்காயிலேயே நின்றுவிட்டது. அம்மா தமிழில் பேசினாள். அப்பா இல்லாதபோது, என்னிடம், தமிழில். சொன்னாய் என்பதற்கு 'சொன்னான்' இல்லை. ஒரு பிசிறு இல்லை. கடைக்கு வருபவர்களிடம் இப்படிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்தான், ஒருநாளும் கவனித்ததில்லை.

"அம்மா... தமிழ்..."

"ஆமா, தமிழ்தான். இருபத்தாறு வருசமா இந்தப் பாசார்ல யாவாரம் பண்றேன். பாதிப் பேரு தமிழவங்க. எனக்கு வராதா?"

"அப்ப வீட்ல?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"மொதல் தடவ நெசமாவே தெரியாது. டீ போட்டு வச்சுக் காத்துக்கிட்டிருந்தது நெசம். ஒங்கப்பா சொன்னதும் புரிஞ்சிருச்சு. 'போயிட்டு வாங்க' சொல்லணும்னு பக்கத்துக் கடை அக்காவும் சொல்லிக் குடுத்தாங்க. சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அந்த ஆளு மூஞ்சியப் பாத்தேன். ரொம்ப நல்ல மூஞ்சி. சரியா பேசினா எல்லாப் பொண்ணையும் மாதிரி நானும் ஒருத்தி. அதான் அப்படிச் சொன்னேன். அந்தச் சிரிப்பு இருக்கே, ஷென்... திருப்புளி காலுல விழுந்துச்சு, அப்பயும் சிரிக்கிறாரு."

"அப்ப 'சோறு ஆறிட்டான்' எல்லாம்?"

"கொஞ்சம் நெசம், கொஞ்சம் நடிப்பு. எது எதுன்னு எனக்கே மறந்துபோச்சு."

பேச்சுப் போட்டியில் மாநில அளவில் இரண்டாவதாக வந்தவள், கீறிய வெண்டைக்காயையே மறுபடி கீறினேன்.

"கோவமாம்மா?"

"மொதல் நாலு நிமிசம் கோவம். என்னோடத எடுத்து எல்லாருக்கும் குடுத்திட்டியேன்னு. அதுக்கப்புறம் கோவம் இல்ல, எரிச்சல். சரியாவே சொல்லல நீ! 'போ' சொல்லிட்டு நிறுத்தணும். ஆள் மூஞ்சியப் பாக்கணும். நெசமாவே போகச் சொல்லிட்டாளோன்னு ஒரு சின்ன பயம் வரும். வர்ற வரைக்கும் விடக்கூடாது. வந்ததும், 'ஆனா வா'. கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பேன்ல? கேக்காம எடுத்தா இப்படித்தான்."

மடியில் முகத்தை வைத்து அழத்தான் போனேன். சிரிப்புதான் வந்தது. அவள் மடியில் சிந்தியிருந்த மீன் விழுது முழுக்க என் தலையில். அம்மாவும் சிரித்தாள், பிறகு என் காதைப் பிடித்துத் திருகினாள், வலிக்கிற மாதிரியே.

"நேத்து காடியில ஏன் பேசல?"

"ஒங்கப்பா இருந்தாரே. அவரு முன்னால எப்படி இதப் பேசுறது?"

"அப்பாக்குத் தெரியாதா?"

"ச்சீ. அந்த ஆளுக்கு என்ன தெரியும்? நீ சொல்லிடாதே."

அப்போது அப்பா ஐஸ் மூட்டையோடு வந்தார். அம்மா கண் இமைக்கும் நேரத்தில் எழுந்து இடுப்பில் கை வைத்தாள்.

"ராசு! ஐஸ் ஏன் லேட்டா வந்தான்?"

அப்பா சிரித்துக்கொண்டே மூட்டையை இறக்கினார். நான் குனிந்து வெண்டைக்காயை எண்ணுவது போல நின்றேன். ஊரே பாராட்டுகிற நடிகை நான். எங்கள் வீட்டில் நான் துணை நடிகை.

அக்டோபர் 15, புதன்

கோலாலம்பூர். பாட்டுப் பதிவு. பல்லவியில் "போ" என்று பாடிவிட்டு நிறுத்தினேன். மூன்று தாளத் தட்டு நேரம். ஜோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டினார்.

"என்ன ஷென், வரி மறந்துட்டியா?"

"இல்ல ஜோ. அங்க பயப்படணும்."

"யாரு?"

"கேக்குறவங்க."

போட்டுக் கேட்டார். மறுபடி போட்டுக் கேட்டார். மூன்றாவது தடவை மேளத்தையும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். அங்கே இப்போது எதுவுமே இல்லை, மூச்சு மட்டும்.

பாட்டின் முகப்பில் வரி எழுதியவர் பெயர் போட வேண்டும். "லோ சியூ லான்" என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

"யாரு இவங்க? புதுக் கவிஞரா?"

"பழைய ஆளு. ஈப்போ பக்கம்."

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முறுக்கு, மட்டன் பிரட்டல், அம்மாவின் தவ்ஃபு. அப்பா வழக்கம் போலத் திருப்புளிக் கதையைச் சொன்னார். வழக்கம் போல எல்லாரும் சிரித்தோம். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அம்மாவிடம் பாட்டின் முகப்பைக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தன் பெயர் எது என்று கேட்டாள். விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தை நகத்தால் இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டு, அடுப்பில் வைத்திருந்த குழம்பு நினைவுக்கு வந்து எழுந்து போனாள்.

அக்டோபர் 22, புதன்

பேருந்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து ஆடுகிறது.

காலை பத்து மணி வண்டி. அப்பாவும் அம்மாவும் வழியனுப்ப வந்தார்கள். ஏறும் நேரத்தில் அப்பா ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே இந்த நோட்டு. தலையணைக்கு அடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்!

"மறந்துட்டியே. நான் படிக்கலம்மா" என்றார், நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே.

படியில் ஏறி நின்றுகொண்டு, "வரேன்பா, வரேன்மா" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பக்கத்தில் அப்பா நின்றார். அம்மா ஆரம்பித்தாள்.

"போ."

நிறுத்தினாள். ஒரு தட்டு. இரண்டு. ஓட்டுநர் இயந்திரத்தை முடுக்கினார். மூன்று. எனக்கு எல்லாம் தெரியும், நானே பாடியிருக்கிறேன், இருந்தும் நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு பயம் வந்தது. நிஜமாகவே போகச் சொல்லிவிட்டாளோ? நான்கு. கதவு மூச்சு விட்டுக்கொண்டு நகர ஆரம்பித்தது.

"லான், கதவு சாத்துறான்! சொல்லு, சொல்லு!" என்று அப்பா பதறினார், அப்படியே அம்மாவின் தமிழில்.

அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அவள் உதடு அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வண்டி திரும்பும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்.

தஞ்சோங் மாலிம் தாண்டியாகிவிட்டது. பசிக்கிறது. பையில் வெண்டைக்காய் இருக்கிறது.